போஸ்ட்கிரஸ் ட்ரிகர்: கொள்வனவு பதிந்தால் இருப்பு ஏறுது இல்லை, அழித்தால் பதிந்த வரி போகுது இல்லை

கொட்பே_கணக்கு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு மீன் வாடிக்குக் கொள்வனவு, விற்பனை, இருப்புக் கணக்கு செய்து கொடுக்கிறேன். தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் 15, கிளவுட் சேவர். போனில் தமிழ் கீபோர்டில் எழுதுவதால் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டேபிள், நிரல் (கொலம்) பெயர்கள் உண்மையிலேயே தமிழில்தான் இருக்கின்றன.

கொள்வனவு டேபிளில்: எண், மீன்_எண், கிலோ (நியூமெரிக் 10,3), விலை, பதிந்த_நேரம் (டைம்ஸ்டாம்ப் வித் டைம்ஸோன்).
இருப்பு டேபிளில்: மீன்_எண் (பிரைமரி கீ), கிலோ.

இரண்டு ட்ரிகர் (டேபிளில் மாற்றம் நடக்கும்போது தானாக ஓடுவது) உண்டு. 'சேர்_ட' என்பது ஆஃப்டர் இன்சர்ட், அதாவது வரி பதிந்த பிறகு ஓடும். அது கொள்வனவு_இருப்பு_புதுப்பி_சேர் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும். 'கழி_ட' என்பது பிஃபோர் டிலீட், அதாவது வரி அழிய முதல் ஓடும். அது கொள்வனவு_இருப்பு_புதுப்பி_கழி என்பதைக் கூப்பிடும். கழி ஃபங்ஷனின் உடம்பு இவ்வளவுதான் (ஓல்ட் என்பது பழைய வரி, நியூ என்பது புதிய வரி):

அப்டேட் இருப்பு செட் கிலோ = கிலோ - ஓல்ட்.கிலோ வேர் மீன்_எண் = ஓல்ட்.மீன்_எண்;
ரிட்டர்ன் நியூ;

சேர் ஃபங்ஷனும் இதே மாதிரி, ஓல்ட் இருக்கும் இடத்தில் நியூ, கழித்தலுக்குப் பதில் கூட்டல்.

பிரச்சினைகள்:

ஒன்று, கழி ட்ரிகரைச் சேர்த்த பிறகு புதுக் கொள்வனவு பதிந்தால் இருப்பு அசையுதே இல்லை. அறக்குளா 40 கிலோ போட்டால் 'இன்சர்ட் 0 1' வருது, பிழை எதுவும் இல்லை, இருப்பு பழைய எண்ணிலேயே நிற்குது. அதற்கு முதல் ஒழுங்காக வேலை செய்தது.

இரண்டு, பிழையாகப் பதிந்த வரியை அழித்தால் 'டிலீட் 0' என்று வருது. வரி அப்படியே இருக்கு, ஆனால் இருப்பு மட்டும் குறையுது. இன்னொருமுறை அழித்தால் இன்னும் குறையுது!

மூன்று, பழைய எக்செல் பதிவுகள் 60,000 வரியை சிஎஸ்வியாகக் கொப்பி செய்தபோது (கழி ட்ரிகர் வைக்க முதல்) முடிகிற பாடாக இல்லை. ட்ரிகரை நிறுத்திவிட்டுச் செய்தால் சில நொடிதான்.

நான்கு, விடியற்காலை 4 மணிக்கு இறக்கின மீன் நாள் அறிக்கையில் முதல் நாள் கணக்கில் விழுது. இது ட்ரிகரோடு சம்பந்தப்பட்டதா தெரியவில்லை.

---

உப்புவெளி_தரவு

முதல் இரண்டுக்கும் காரணம் தனித்தனி. பிழைச் செய்தி இல்லாமல் நடந்ததால்தான் குழப்பம்.

பிஎஸ்கியூஎல்லில் (போஸ்ட்கிரஸின் கட்டளைத் திரை) பேக்ஸ்லாஷ் டி போட்டு கொள்வனவு டேபிளைப் பாருங்கள். கீழே ட்ரிகர்கள் என்ற பகுதியில் சேர்_ட, கழி_ட இரண்டுமே ஒரே ஃபங்ஷனைக் கூப்பிடுவது தெரியும். அதன் பெயர் 'கொள்வனவு_இருப்பு_புதுப' என்று பாதியில் நிற்கும்.

போஸ்ட்கிரஸில் ஒரு பெயருக்கு 63 பைட் வரைதான் இடம். எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனிக் குறியீடுகள். 'இருப்பு' என்று நான்கு எழுத்தாகக் கண்ணுக்குத் தெரிவது இ, ர, உகரக்குறி, ப, புள்ளி, ப, உகரக்குறி என்று ஏழு குறியீடு, 21 பைட். 'கொள்வனவு' 24 பைட். இரண்டு அடிக்கோடு, 'புதுப' 15 பைட், எல்லாம் சேர்த்து 62. அடுத்த புள்ளிக்கு 3 பைட் வேண்டும், இடமில்லை, அங்கேயே வெட்டிவிடும். ஆகவே உங்கள் '_சேர்', '_கழி' இரண்டுமே தரவுத்தளத்தைப் போய்ச் சேரவில்லை.

வெட்டும்போது நோட்டீஸ் ஒன்று வரும். பிஎஸ்கியூஎல்லில் கண்ணில் படும். பிஜிஅட்மினில் மெசேஜ் பகுதிக்குள் போய்விடும். மைகிரேஷன் கருவிகள் பல அதை விழுங்கிவிடும். ட்ரிகர் ஃபங்ஷன்கள் எல்லாமே ஆர்கியூமென்ட் இல்லாதவை என்பதால் இரண்டாவதை 'கிரியேட் ஓர் ரிப்ளேஸ்' என்று கொடுத்த கணத்தில் முதலாவதன் உடம்பு போய், கழி உடம்பு அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பெயர் மாறாததால் சேர்_ட தன் பாட்டுக்கு அதைக் கூப்பிடுகிறது.

இன்சர்ட் நேரத்தில் ஓல்ட் என்பது நல், அதாவது வெற்றுப் பெறுமதி (பதிப்பு 11இலிருந்து அப்படி; அதற்கு முந்தியதில் 'ஒதுக்கப்படவில்லை' என்று பிழையாவது வந்திருக்கும்). மீன்_எண் = நல் என்று தேடினால் ஒரு நிரையும் (வரி) கிடைக்காது. அப்டேட் பூச்சிய நிரையைத் தொட்டுவிட்டு அமைதியாக முடியும். அதனால்தான் அறக்குளா ஏறவில்லை.

இரண்டாவது: பிஃபோர் ரோ ட்ரிகர் நல் திருப்பினால் 'இந்த நிரையை விட்டுவிடு' என்று அர்த்தம். டிலீட்டில் நியூ கிடையாது, அது நல். 'ரிட்டர்ன் நியூ' எழுதினால் அழித்தல் ரத்து. ஆனால் அதற்கு முதல் வரியில் ஓடிய அப்டேட் ஓடியதுதான், அது ரத்தாகாது. ஒவ்வொரு தடவையும் இருப்பு குறைவது அப்படித்தான். பிஃபோர் டிலீட்டில் 'ரிட்டர்ன் ஓல்ட்' வேண்டும்.

அதையும் விட, இது பிஃபோரில் இருக்கவே வேண்டாம். வருகிற நிரையின் பெறுமதியைத் திருத்தவோ தடுக்கவோ வேண்டுமென்றால் பிஃபோர். வேறு டேபிளைத் தொடுவதென்றால் ஆஃப்டர். பிஃபோரில் வேறு டேபிளை மாற்றினால், பெயர் வரிசையில் பின்னால் வரும் இன்னொரு பிஃபோர் ட்ரிகர் நல் திருப்பி நிரையைக் கைவிடலாம்; அப்போது உங்கள் மாற்றம் மட்டும் அநாதையாக நிற்கும். ஆஃப்டரில் ரிட்டர்ன் பெறுமதியைப் பார்ப்பதே இல்லை, 'ரிட்டர்ன் நல்' என்றே எழுதலாம்.

செய்ய வேண்டியது: குறுகிய பெயர் வையுங்கள், கொள்_சேர், கொள்_கழி போதும். புதிதாக உருவாக்கும்போது 'ஓர் ரிப்ளேஸ்' போடாமல் வெறும் 'கிரியேட் ஃபங்ஷன்' போடுங்கள். பெயர் மோதினால் பிழை வந்து நிற்கும். இன்னொன்று: 'கொ' என்பதை ஒற்றை உயிர்க்குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் ஒரே மாதிரி, தரவுத்தளத்துக்கு இரண்டு வெவ்வேறு பெயர். போனில் ஒரு கீபோர்ட், கணினியில் இன்னொன்று என்று எழுதுபவர்கள் பெயரைக் கையால் அடிக்காமல் ஒட்டுவது நல்லது.

அப்டேட்டுக்கு ட்ரிகரே வைக்கவில்லை என்பதையும் கவனித்தேன். 40 கிலோவை 45 என்று திருத்தினால், அல்லது சூரை என்று பதிந்ததைப் பாரை என்று மாற்றினால் இருப்புக்குத் தெரியவே வராது. பழைய மீன்_எண்ணில் ஓல்ட்.கிலோவைக் கழித்து, புதிய மீன்_எண்ணில் நியூ.கிலோவைக் கூட்ட வேண்டும். கிலோ வித்தியாசத்தை மட்டும் கூட்டினால் மீன் மாறும் நாளில் பிழைக்கும்.

---

மூதூர்_முனை

மூன்றாவதற்கு வருகிறேன்.

ஃபொர் ஈச் ரோ ட்ரிகர் 60,000 தடவை ஓடுவது ஒரு செலவு. ஆனால் அதை மட்டும் பார்த்தால் இவ்வளவு இழுக்காது. உண்மையான காரணம், அந்த 60,000 அப்டேட்டும் இருப்பில் உள்ள சில நிரைகளையே திரும்பத் திரும்ப மாற்றுவது. போஸ்ட்கிரஸ் ஒரு நிரையை மாற்றும்போது பழையதன் மேல் எழுதாது, புதிய பிரதி ஒன்றை வைக்கும். பழைய பிரதியைத் துப்புரவு செய்யலாம்தான், ஆனால் அதைப் பழையதாக்கிய ட்ரான்ஸாக்ஷன் (ஒன்றாக முடியும் கட்டளைத் தொகுதி) கொமிட், அதாவது உறுதி, ஆகும்வரை முடியாது. உங்கள் கொப்பி முழுவதும் ஒரே ட்ரான்ஸாக்ஷன். சூரைக்கு மட்டும் 20,000 வரி இருந்தால், கடைசி வரி வரும்போது செத்த பிரதிகள் 19,999ஐத் தாண்டித்தான் உயிருள்ளதைக் கண்டுபிடிக்க வேண்டும். வரி இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆட்டோவாக்யூமை (தானாக நடக்கும் துப்புரவு) எவ்வளவு முடுக்கினாலும் இதற்குப் பலனில்லை.

தீர்வு, ஃபொர் ஈச் ஸ்டேட்மென்ட் ட்ரிகரும் (கட்டளைக்கு ஒருமுறை ஓடுவது) ட்ரான்ஸிஷன் டேபிளும் (அந்தக் கட்டளை தொட்ட எல்லா நிரையும் இருப்பது). பதிப்பு 10இலிருந்து உண்டு:

கிரியேட் ட்ரிகர் கொள்_சேர்_ட ஆஃப்டர் இன்சர்ட் ஒன் கொள்வனவு
ரெஃபரன்ஸிங் நியூ டேபிள் அஸ் புதியவை
ஃபொர் ஈச் ஸ்டேட்மென்ட் எக்ஸிக்யூட் ஃபங்ஷன் கொள்_சேர்();

ஃபங்ஷனுக்குள்:

இன்சர்ட் இன்டு இருப்பு (மீன்_எண், கிலோ)
செலக்ட் மீன்_எண், சம்(கிலோ) ஃப்ரொம் புதியவை
குரூப் பை மீன்_எண் ஓர்டர் பை மீன்_எண்
ஒன் கொன்ஃப்ளிக்ட் (மீன்_எண்) டூ அப்டேட்
செட் கிலோ = இருப்பு.கிலோ + எக்ஸ்குளூடெட்.கிலோ;
ரிட்டர்ன் நல்;

60,000 வரிக்கும் இருப்பில் ஒரு மீனுக்கு ஒரு மாற்றம்தான். புது மீன் வகை வந்தாலும் நிரை தானாக உருவாகும். உங்கள் இப்போதைய சேர் ஃபங்ஷனில் அந்த வசதியும் இல்லை: இருப்பில் நிரை இல்லாத மீனைப் பதிந்தால் அப்டேட் ஒன்றையும் தொடாமல் போய்விடும்.

மூன்று கட்டுப்பாடு நினைவிருக்கட்டும். ட்ரான்ஸிஷன் டேபிள் ஆஃப்டர் ட்ரிகரில் மட்டும். இன்சர்ட், அப்டேட், டிலீட் மூன்றையும் 'ஓர்' போட்டு ஒரே ட்ரிகரில் சேர்க்க முடியாது, மூன்று ட்ரிகர் வேண்டும். 'அப்டேட் ஒஃப் கிலோ' என்று நிரல் பட்டியலும் கொடுக்க முடியாது. ஒரு நிரையும் மாறாத கட்டளைக்கும் ட்ரிகர் ஓடும், இங்கே அது கெடுதல் இல்லை.

டேபிளை ஒரேயடியாகக் காலி செய்யும் ட்ரங்கேட்டுக்கு டிலீட் ட்ரிகர் எதுவும் ஓடாது. யாராவது சோதனைத் தரவைத் துடைக்க ட்ரங்கேட் அடித்தால் இருப்பு அப்படியே நிற்கும்.

காப்பு எடுக்கும் பிஜிடம்ப் பற்றியும்: முழுக் காப்பு மீட்கும்போது தரவு முதலில், ட்ரிகர் பிறகு என்று வருவதால் பயமில்லை. தரவை மட்டும் எடுத்த காப்பை ட்ரிகர் உள்ள டேபிளில் ஏற்றினால் இருப்பு இரட்டிப்பாகும். அதற்கு 'டிசேபிள் ட்ரிகர்ஸ்' விருப்பத்தோடு எடுக்க வேண்டும்.

---

உவர்மலை_வாசி

இவ்வளவு பாடுபட்டு இருப்பு டேபிளைக் காப்பாற்றுவது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வாடியின் கணக்கு. வருடத்துக்குச் சில பத்தாயிரம் வரி. இருப்பு என்பது கொள்வனவின் கூட்டுத்தொகையில் விற்பனையின் கூட்டுத்தொகையைக் கழித்தது. அதை ஒரு வியூவாக (பார்க்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடும் கேள்வி) எழுதினால் எப்போதும் சரியாகத்தான் இருக்கும், பிழைக்க இடமே இல்லை. சில இலட்சம் வரிவரை ஒரு சாதாரண சேவர் கணத்தில் கூட்டிக் காட்டும். ட்ரிகர் எழுதியவர் ஊரை விட்டுப் போனபிறகு, இன்சர்ட் அடித்தால் வேறெங்கோ எண் மாறுவது ஏன் என்று அடுத்தவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

---

மூதூர்_முனை

அறிக்கைக்கு மட்டும் என்றால் வியூதான் சரி, மறுப்பில்லை. ஆனால் விற்பனையில் ஒரு தேவை உண்டு: இல்லாத மீனை விற்கக்கூடாது. இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் கடைசி 30 கிலோ விளைமீனுக்குப் பில் அடித்தால், வியூவைப் பார்த்து முடிவெடுக்கும் அப்ளிகேஷன் இரண்டுக்கும் '30 இருக்கு' என்றே சொல்லும். ரீட் கொமிட்டெட் நிலையில் ஒருவர் கொமிட் செய்யாததை மற்றவர் பார்க்க முடியாது. பூட்டுவதற்கு ஒரு நிரை வேண்டும், அதற்குத்தான் இருப்பு டேபிள். அல்லது சீரியலைஸபிள் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதுபோல் நடத்தும்) நிலைக்குப் போய், தோற்ற ட்ரான்ஸாக்ஷனைத் திரும்ப ஓட்டும் வேலையை அப்ளிகேஷனில் எழுத வேண்டும். சின்னக் கடைகளில் அந்த இரண்டாவதை யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை.

இருப்பு டேபிள் வைப்பதென்றால் தடுப்பை ட்ரிகரில் இஃப் போட்டு எழுதாதீர்கள். இருப்பு.கிலோவை ஒரு மாறியில் எடுத்து, போதுமா என்று பார்த்து, பிறகு கழித்தால் பார்ப்பதற்கும் கழிப்பதற்கும் இடையில் மற்றக் கவுண்டர் புகுந்துவிடும். இருப்பில் செக் (கிலோ >= 0) என்ற கொன்ஸ்ட்ரெயின்ட் (கட்டுப்பாடு) போதும். 'செட் கிலோ = கிலோ - இத்தனை' என்ற அப்டேட் நிரையைப் பூட்டும்; இரண்டாமவர் காத்திருந்து, முதலாமவர் கொமிட் செய்த புது எண்ணிலிருந்தே கழிப்பார். மைனஸ் ஆனால் முழு பில்லும் ரோல்பேக், அதாவது ரத்து.

இங்கே ஒரு பொறி. கழிப்பதற்கும் அதே 'ஒன் கொன்ஃப்ளிக்ட்' வரியை மைனஸ் எண்ணோடு எழுதினால், இருப்பில் 500 கிலோ இருந்தாலும் செக் பிழை வரும். மோதலைப் பார்க்கும் முன்பே, நுழைக்கப் போகும் நிரையை (கிலோ = -30) செக்கில் போட்டுப் பார்ப்பதுதான் காரணம். கழித்தலுக்கு நேரடி அப்டேட்டே வேண்டும். ஸ்டேட்மென்ட் ட்ரிகரில் அதை இரண்டு படியாகச் செய்யுங்கள்: முதலில் தேவையான மீன்_எண்களை 'ஓர்டர் பை மீன்_எண் ஃபொர் அப்டேட்' என்று பெர்ஃபோர்மில் பூட்டுங்கள், பிறகு கழியுங்கள். வரிசை இல்லாமல் பூட்டினால், ஒரு பில் சூரை பிறகு கணவாய், மற்றது கணவாய் பிறகு சூரை என்று பிடித்து, ஒன்றுக்காக மற்றது காத்து நிற்கும் டெட்லாக் வரும். இயல்பாக ஒரு நொடி காத்திருந்துதான் அதைக் கண்டுபிடித்து ஒரு பில்லைக் கொல்லும். அப்ளிகேஷன் ஒரு பில்லின் வரிகளை ஒவ்வொன்றாக இன்சர்ட் செய்தால் ட்ரிகருக்குள் வரிசைப்படுத்திப் பலனில்லை. ஒரே இன்சர்ட்டில் எல்லா வரியையும் அனுப்புங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு கெட் டயக்னொஸ்டிக்ஸில் மாறிய நிரை எண்ணிக்கையை எடுத்து, எதிர்பார்த்த மீன் வகை எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, குறைந்தால் ரெய்ஸ் எக்ஸெப்ஷன். இருப்பில் நிரையே இல்லாத மீன் செக்கில் மாட்டாது.

'எக்ஸெப்ஷன் வென் அதர்ஸ் தென் நல்' என்று எழுதிப் பிழையை மறைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால், ட்ரிகருக்குள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

---

உவர்மலை_வாசி

பூட்டுவதற்கு நிரை வேண்டும் என்பது நியாயம். அப்படியானால் வியூவையும் வைத்து, ஒவ்வொரு இரவும் வியூ சொல்வதும் டேபிள் சொல்வதும் ஒன்றா என்று ஒப்பிடும் கேள்வி ஒன்றை ஓட்டுங்கள். வித்தியாசம் உள்ள மீன் மட்டும் பட்டியலில் வரட்டும். கவுண்டர் ஆட்களின் யூசருக்கு இருப்பு டேபிளில் எழுத உரிமையே கொடுக்காதீர்கள். ட்ரிகர் ஃபங்ஷனை செக்யூரிட்டி டிஃபைனர் (சொந்தக்காரரின் உரிமையில் ஓடுவது) ஆக்கி, அதிலேயே 'செட் சேர்ச்_பாத்' (எந்த ஸ்கீமாவில் தேடுவது என்ற வரிசை) ஐயும் கட்டிவிடுங்கள். அதைக் கட்டாவிட்டால், வேறு ஸ்கீமாவில் இருப்பு என்ற பெயரில் ஒரு டேபிள் வைத்து ஃபங்ஷனை ஏமாற்றலாம். அந்த ஃபங்ஷனுக்குள் கரன்ட்_யூசர் கேட்டால் ஃபங்ஷன் சொந்தக்காரர் பெயர்தான் வரும். யார் அடித்தது என்று பதிய செஷன்_யூசர் எடுங்கள்.

---

நிலாவெளி_நிரல்

நான்காவது ட்ரிகரோடு சம்பந்தம் இல்லை. சேவரின் நேர வலயம் யூடிசி. நம்முடைய 4.00 மணி அதற்கு முதல் நாள் 22.30. பதிந்த_நேரத்தை அப்படியே டேட் ஆக்கினால் செஷனின் நேர வலயத்தில்தான் நாள் பிரியும், ஆகவே விடியற்காலை 5.30க்கு முதல் பதிந்ததெல்லாம் முந்திய நாளில் விழும். அறிக்கையில் இப்படி எழுதுங்கள்:

(பதிந்த_நேரம் அட் டைம் ஸோன் 'ஏசியா/கொலம்போ')::டேட்

'ஆல்டர் டேட்டாபேஸ்' கட்டளையால் டைம்ஸோனை மாற்றிவிடலாம்தான், ஆனால் ஜேடிபிசி போன்ற டிரைவர்கள் இணையும்போது தங்கள் நேர வலயத்தைத் திணிக்கும். வெளிப்படையாக எழுதுவதே பாதுகாப்பு.

அந்த நாளுக்கு இன்டெக்ஸ் வேண்டுமென்றால் மேலே உள்ள வடிவத்தில் ஏற்கும். வெறும் ::டேட் போட்டால் 'இம்மியூட்டபிள் (எப்போதும் ஒரே விடை தருவது) ஆக இருக்க வேண்டும்' என்று மறுக்கும். அதைத் தாண்ட ஒரு ஃபங்ஷனுக்குள் ::டேட்டை ஒளித்துவைத்து இம்மியூட்டபிள் என்று பொய்முத்திரை குத்துபவர்கள் உண்டு. செஷன் நேர வலயம் மாறும் நாளில் இன்டெக்ஸ் ஒன்று சொல்லும், டேபிள் வேறொன்று சொல்லும்.

என்னைக் கேட்டால் ஏல_நாள் என்று தனி டேட் நிரல் வைப்பேன். இரவு 11 மணிக்குக் கரை சேர்ந்த வள்ளத்தின் மீனை 1 மணிக்கு நிறுத்தால் அது எந்த நாள் ஏலம் என்பது முதலாளி சொல்ல வேண்டியது, கடிகாரம் சொல்ல வேண்டியதில்லை. பிஃபோர் இன்சர்ட் ட்ரிகரில், நியூ.ஏல_நாள் நல் ஆக இருந்தால் மட்டும் மேலே உள்ளதைப் போட்டு 'ரிட்டர்ன் நியூ'. பிஃபோர் ட்ரிகருக்கு ஏற்ற வேலை இதுதான்.

---

கொட்பே_கணக்கு

பேக்ஸ்லாஷ் டியில் இரண்டு ட்ரிகருமே 'கொள்வனவு_இருப்பு_புதுப' என்றுதான் காட்டுது. பெயர்களைக் குறுக்கி, மூன்று ஸ்டேட்மென்ட் ட்ரிகராக மாற்றிவிட்டேன், 60,000 வரியும் சில நொடியில் ஏறுது. எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். ஏற்கெனவே பிழைத்துப்போன இருப்பை, கவுண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தலாமா? கிண்ணியா வாடியில் இதே கணக்கு மைஎஸ்கியூஎல் 8.0இல் ஓடுது, அங்கே இதை அப்படியே வைக்கலாமா?

---

உப்புவெளி_தரவு

திருத்தலாம் தம்பி, பூட்டிவிட்டு. பிகின், 'லொக் டேபிள் கொள்வனவு, விற்பனை இன் ஷெயார் ரோ எக்ஸ்குளூசிவ் மோட்', பிறகு இருப்பை வியூவிலிருந்து அப்டேட் செய்து கொமிட். அந்த நேரம் மற்றவர்கள் வாசிக்கலாம், எழுதுபவர்கள் காத்திருப்பார்கள். லொக் கட்டளைதான் முதலில் வர வேண்டும், கணக்கெடுத்துவிட்டுப் பூட்டினால் இடையில் வந்த பில் விடுபடும். வியூவில் எந்த மீனாவது மைனஸ் காட்டினால் செக் உங்களை நிறுத்தும்; அது கொள்வனவில் பதியாமல் விட்ட மீன், வாடிக் கொப்பியைப் பார்த்துப் பதிந்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் அப்படியே ஓடாது. ஃபொர் ஈச் ரோ மட்டும்தான், ட்ரான்ஸிஷன் டேபிள் இல்லை. தனி ட்ரிகர் ஃபங்ஷனும் கிடையாது, உடம்பை ட்ரிகருக்குள்ளேயே எழுத வேண்டும். அடிக்கும்போது டிலிமிட்டரை மாற்றாவிட்டால் முதல் அரைப்புள்ளியிலேயே கட்டளை முடிந்துவிட்டதாக நினைத்துப் பிழை சொல்லும். தடுக்க ரெய்ஸ் எக்ஸெப்ஷனுக்குப் பதில் சிக்னல் எஸ்கியூஎல்ஸ்டேட் '45000'. ட்ரிகர் எந்த டேபிளில் இருக்கிறதோ அதே டேபிளை உள்ளிருந்து மாற்றினால் பிழை 1442. பில்லை அழிக்கும்போது ஃபொரின் கீ கஸ்கேட்டில் போகும் பில் வரிகளுக்கு டிலீட் ட்ரிகர் ஓடாது, ஆகவே வரிகளை முதலில் நீங்களே அழியுங்கள். செக் கொன்ஸ்ட்ரெயின்ட் 8.0.16இலிருந்துதான் உண்மையில் வேலை செய்யும். அதற்கு முந்திய பதிப்பு எழுத விட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருக்கும், ஆகவே முதலில் செலக்ட் வெர்ஷன்() அடித்துப் பாருங்கள். பெயர் நீளம் மட்டும் அங்கே தாராளம்: 64 குறியீடு, பைட் இல்லை.